பூசணம் பிடித்த ஃபைல் கட்டைத் தட்டாதீர்கள்

பதிவறை வேலைக்குப் போன புதிதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தோடு தொடங்குகிறேன். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை உருவினேன். அட்டை மேல் சாம்பல் தூவிய மாதிரி ஏதோ படிந்திருந்தது. தூசிதான் என்று நினைத்து, எல்லோரும் செய்வது போலவே, இரண்டு கையாலும் பிடித்து மேசை விளிம்பில் பட் பட்டென்று இரண்டு தட்டு, அப்புறம் வாயால் ஓர் ஊது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு புகை கிளம்பி அறை முழுக்கப் பரவியது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் அது மிதப்பது கண்ணுக்கே தெரிந்தது. சாயங்காலம் தொண்டை கரகரத்தது. இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே வறட்டு இருமல். சாதாரண ஜுரம் என்று மாத்திரை போட்டுப் படுத்தேன், இரண்டு நாளில் சரியானது, மறுபடி அதே அறைக்குப் போனேன், மறுபடி அதே காய்ச்சல். மூன்றாவது தடவைதான் ஒரு மருத்துவர் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். அலுவலகப் பதிவறையோ, நூலகத்தின் பின்கட்டோ, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரங்களோ, எங்கே பழைய காகிதத்தைத் திறந்தாலும் முறை ஒன்றுதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பூசணத்தைக் கொல்வது நம் வேலை இல்லை. ஈரத்தை எடுப்பதும், தூளை மூச்சுக்குள் விடாமல் அகற்றுவதும்தான் வேலை. ஏனென்றால் செத்த பூசணமும் ஒவ்வாமையைக் கிளப்பும். மருந்தடித்துவிட்டோம் என்று முகத்தில் ஒன்றும் கட்டாமல் கட்டைப் பிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பகீர் என்கிறது.

எப்படி வருகிறது

பூசணம், பூஞ்சை, பூஞ்சணம், எந்தப் பெயரில் சொன்னாலும் ஆள் ஒன்றுதான். அதன் வித்துகள், அதாவது அது பரப்பும் விதை போன்ற நுண்துகள்கள், எந்த அறையிலும் காற்றில் எப்போதும் இருக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும் இடத்திலும் இருக்கின்றன. காகிதத்தில் அதற்கு வேண்டிய சாப்பாடு எல்லாமே இருக்கிறது. காகிதமே செல்லுலோஸ், அதில் தடவிய ஜெலட்டின் அல்லது மாவுப்பூச்சு, பைண்டிங் பசை, கஞ்சி போட்ட துணி அட்டை, தோல் முதுகு, இவற்றின் மேல் படிந்த தூசி. குறைவது தண்ணீர் மட்டும்தான். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி பல நாட்கள் அப்படியே நின்றால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். நேரடியாக நனைந்த காகிதம் என்றால் 48 முதல் 72 மணி நேரம் போதும், பூக்க ஆரம்பித்துவிடும்.

பழைய காகிதங்களில் அடிக்கடி அகப்படுபவை அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் வகைகள். கீட்டோமியம், ஸ்டாக்கிபாட்ரிஸ் போன்றவை செல்லுலோஸையே கரைத்துத் தின்னும் நொதிகளைச் சுரப்பவை, அதனால் அவை வந்த காகிதம் பழைய பருத்தித் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும் (கையுறையோடு, தயவுசெய்து). அந்த இடத்தில் பேனாவை வைத்தால் மை ஒற்றுத்தாளில் ஊறுவது போல ஊறிப் பரவும், காரணம் காகிதத்தின் மேல்பூச்சை அது தின்று முடித்திருக்கும். சிவப்பு, ஊதா, கருப்பு என்று கறையும் விடும். பெரும்பாலான கறைகள் போகவே போகாது, அதற்காக மெனக்கெடுவது வீண்.

அது பூசணம்தானா என்று பார்ப்பது

முதலில் மின்விசிறியை அணையுங்கள். பிறகு முகக்கவசம். அப்புறம்தான் கட்டைத் தொட வேண்டும்.

ஒரு டார்ச்சை நேராக அடிக்காமல், அட்டையின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். தூசியாக இருந்தால் மேல் விளிம்பில், கிடைமட்டமான இடத்தில், ஒரே சீராகப் படிந்திருக்கும். பூசணம் அப்படி இருக்காது. வட்டம் வட்டமாக, நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெலிந்தும், பெரும்பாலும் பசை இருக்கும் இடத்தை ஒட்டி, அதாவது முதுகு மடிப்பிலும் அட்டையின் உள்பக்க ஓரத்திலும் வளர்ந்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பஞ்சிழை போல நிமிர்ந்து நிற்பது தெரியும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் சந்தேகமே இருக்காது. காகிதத்துக்குள்ளேயே இருக்கும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தொட்டால் மேடு தட்டாது, தூளும் உதிராது. பழைய காகிதத்தில் வரும் மங்கு மாதிரியான அந்தப் புள்ளிகளுக்கு இரும்புத் துகளும் காரணமாக இருக்கலாம், பழைய பூஞ்சையும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அவை பரவுவதில்லை.

அடுத்து தெரிய வேண்டியது, இது இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறதா, இல்லை எப்போதோ வளர்ந்து காய்ந்ததா. மெல்லிய பிரஷ் நுனியால் ஓரத்தில் லேசாகத் தொடுங்கள். இழுத்த பக்கம் ஈஷிக்கொண்டு வந்தால், வழவழவென்று இருந்தால், உயிரோடு வளர்கிறது. பொடியாக உதிர்ந்தால் உறங்குகிறது. உறங்குகிறது என்றுதான் சொல்கிறேன், செத்துவிட்டது என்று இல்லை. ஈரம் திரும்பினால் அதுவும் எழுந்துகொள்ளும். வளர்வதைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் காகித இழைக்குள் தேய்ந்து இறங்கிவிடும். முதலில் காய வைக்க வேண்டும். காய்ந்ததைத்தான் சுத்தம் செய்ய முடியும். இந்த வரிசை தலைகீழானால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் வாடை மட்டும் வந்தால்? அந்த மக்கிய, ஈரமண் போன்ற வாடை வளரும் பூசணம் விடும் ஆவிகளிலிருந்து வருவது. அலமாரியின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளின் அடிப்பக்கம், சுவரோடு ஒட்டிய கட்டின் முதுகு, இந்த மூன்று இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அகப்படும்.

உடம்புக்கு என்ன செய்யும்

தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசண வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான். மூக்கு முடியும் சளியும் பெரிய துகள்களைப் பிடித்துவிடும், ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் வித்து 2, 3 மைக்ரான்தான், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் நேராகப் போய் உட்காரும்.

பெரும்பாலானோருக்கு வருவது ஒவ்வாமை: தொடர் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தோலில் தடிப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வீசிங் கூடும், சில சமயம் இன்ஹேலர் இல்லாமல் முடியாது என்ற நிலைக்கே போகும். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் கட்டட ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி ஒரு வழிகாட்டுதலே வெளியிட்டது. மூச்சுத் தொல்லைகளுக்கும் ஆஸ்துமாவுக்கும் அவற்றோடு தொடர்பு இருப்பதை அது ஒத்துக்கொண்டது; ஆனால் காற்றில் இத்தனை வித்து வரை ஆபத்தில்லை என்று ஓர் எல்லை வகுக்க முடியாது, ஈரத்தைத் தடுப்பதும் பூசணத்தை அகற்றுவதும்தான் வழி என்று சொல்லிவிட்டது. அதனால் பணம் செலவழித்துக் காற்றை எடுத்துச் சோதிப்பதை நான் முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது, அப்புறம் எண் எதற்கு?

எனக்கு வந்தது வேறு ரகம். ஒரேயடியாக நிறைய தூளை உள்ளிழுத்தால், நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து காய்ச்சல், நடுக்கம், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சு இறுக்கம் வரும், ஓரிரு நாளில் தானாகவே போகும். ஈர வைக்கோலைக் கிளறும் விவசாயிகளுக்கு வருவதாக மருத்துவ நூல்களில் சொல்லப்படும் நுரையீரல் அழற்சியும் இதே குடும்பம்தான். தானாகவே போய்விடுவதுதான் இதில் மோசம், ஃப்ளூ என்று விட்டுவிடுகிறோம். மறுபடி மறுபடி நடந்தால் நுரையீரல் திசு தழும்பேறி இறுகிவிடலாம், அது திரும்பாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு: விடுமுறை நாட்களில் உடம்பு நன்றாக இருக்கிறது, வேலைக்குத் திரும்பிய அன்று மாலையே இருமல் திரும்புகிறது என்றால் சந்தேகப்படுங்கள். மருத்துவரிடம் போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பூசணம் பிடித்த காகிதத்தோடு வேலை செய்கிறேன், இத்தனை மணிக்குக் கட்டைத் திறந்தேன், இத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருந்து நான் இரண்டு தடவை வீணாக்கினேன்.

சிலர் இந்த வேலையைத் தொடவே கூடாது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். இவர்களுக்கு ஒவ்வாமையோடு நிற்காது, நுரையீரலிலேயே பூஞ்சைத் தொற்று வரலாம். பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களுக்கு அந்தக் குழிக்குள் பூஞ்சை பந்தாக வளர்வதும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் விலகி நிற்பதே நல்லது. மேலதிகாரி முறைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

நடுவில் ஒரு விஷயம். 2021-ல் கொரோனா சமயத்தில் எல்லோரையும் பயமுறுத்திய "கருப்புப் பூஞ்சை" வேறு, காகிதத்தில் கருப்பாகப் படரும் பூசணம் வேறு. அது மியூக்கர் வகைப் பூஞ்சைகளால் வரும் தொற்று, அதில் கறுப்பது செத்துப்போன திசு. காகிதத்தில் இருப்பதன் நிறத்தைப் பார்த்து அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவே முடியாது. வெள்ளையாக இருக்கிறது, பரவாயில்லை என்பதும் தப்பு, கருப்பாக இருக்கிறது, செத்தோம் என்பதும் தப்பு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியதுதான்.

என்ன மாட்டிக்கொள்ள வேண்டும்

துணி மாஸ்க், கைக்குட்டை, மருத்துவமனை நீல மாஸ்க் இவை எதுவும் உதவாது, ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். குறைந்தது என்95. 0.3 மைக்ரான் அளவுத் துகளிலேயே 95 சதவீதத்தைப் பிடிக்கும்படி செய்தது, வித்து அதைவிடப் பெரிது, சுலபமாகச் சிக்கும். ஆனால் முகத்தோடு ஒட்டினால்தான். இரண்டு பட்டையும் மாட்ட வேண்டும், ஒன்று உச்சியில், ஒன்று கழுத்துக்குப் பின்னால். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்த வேண்டும். பலமாக மூச்சு விட்டுப் பார்த்தால் கண் பக்கம் காற்று அடிக்கக் கூடாது. தாடி இருந்தால் ஒட்டாது, அதற்கு வேறு பேச்சே இல்லை. நாள் முழுக்க, வாரக்கணக்கில் செய்யும் வேலை என்றால் ரப்பர் அரைமுகக் கவசமும், என்95-ஐவிட அதிகம் பிடிக்கும் பி100 வடிகட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குக் காற்றோட்டத் துளை இல்லாத கண்ணாடி, கைக்கு நைட்ரைல் கையுறை, உடம்புக்கு வேலை முடிந்ததும் தனியாகத் துவைக்கக்கூடிய முழுக்கைச் சட்டை அல்லது ஒருமுறை போட்டு எறியும் அங்கி. கழற்றும்போது கையுறை முதலில், அங்கி அடுத்து, முகக்கவசம் கடைசியில், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகு. அந்த மேசையில் டீ கூடாது. அப்புறம் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம்! எத்தனையோ வருட அனுபவமுள்ள பதிவெழுத்தர்கள் இதை யோசிக்காமல் செய்கிறார்கள். பூசணம் பிடித்த பக்கத்தைத் தொட்ட விரலை நாக்கில் வைப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வதுதான்.

வேலையைத் தொடங்குவது

பூசணம் கண்ட கட்டை முதலில் மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். அங்கேயே வைத்துப் பிரிக்காமல், ஒரு பாலித்தீன் பையில் மெதுவாக நழுவவிட்டு, வாயை மூடி, வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பை கொண்டுபோக மட்டும்தான். ஈரக் கட்டை பைக்குள்ளேயே விட்டால் அது ஒரு சின்ன புழுக்க அறை, மறுநாள் பார்த்தால் இரண்டு மடங்கு பூத்திருக்கும். பூசணம் கண்ட அறையின் குளிர்சாதனம் மற்ற அறைகளோடு ஒரே காற்றுக்குழாயில் போகிறது என்றால் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கட்டடம் முழுக்க நீங்களே விநியோகம் செய்ததாகிவிடும்.

ஈரமாக இருந்தால் காய வைப்பது முதல் வேலை. வெயிலில் போடாதீர்கள். வெயில் காகிதத்தை மஞ்சளாக்கும், மையை வெளுக்கும், அட்டையை வளைக்கும். ஹேர் டிரையரும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். நிழலான, காற்றோட்டமுள்ள, முடிந்தால் ஈரநீக்கி ஓடும் அறையில், தனித்தாள்களை ஒற்றுத்தாள் மேல் பரப்புங்கள். புத்தகம் என்றால் நிமிர்த்தி நிறுத்தி, பக்கங்களை விசிறி போல லேசாக விரித்துவிட்டு, பத்து இருபது பக்கத்துக்கு ஒரு ஒற்றுத்தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். மின்விசிறியைத் தாளின் மேல் அடிக்காமல் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அறைக் காற்று நகர்ந்தால் போதும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்துவிட்டால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

காய்ந்த பிறகு சுத்தம். திறந்த வெளி கிடைத்தால் அதுதான் சிறந்தது, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். இல்லையென்றால் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த ஜன்னலை ஒட்டி மேசையைப் போடுங்கள். மேசையில் பெரிய காகிதம் ஒன்றை விரித்து, ஆட்டு ரோமமோ அதைப்போல மெல்லியதோ உள்ள அகலப் பிரஷால், முதுகு மடிப்பிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி, ஒரே திசையில், தேய்க்காமல் தள்ளுங்கள். பக்கத்திலேயே வேக்குவத்தின் வாய் இருக்க வேண்டும், தள்ளிய தூள் காற்றில் எழும்பாமல் நேராக அதற்குள் போக வேண்டும். அந்த வேக்குவம் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும், அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வீட்டு வேக்குவம் தூளை முன்பக்கம் உறிஞ்சி, வித்தைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதும், அதைவிட சும்மா இருப்பதே மேல். உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, வாயில் ஒரு மெல்லிய வலைத்துணியைக் கட்டிக்கொண்டால் கிழிந்த துணுக்குகள் உள்ளே போகாது. ஒவ்வொரு பக்கமாகத்தான், இரண்டு பக்கமும். ஒரு தடித்த பதிவேட்டுக்கு ஒரு முழு நாள் ஆகலாம். ஆகட்டும்.

முடிந்ததும் மேசைக் காகிதத்தை உள்பக்கமாக மடித்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். தரையை விளக்குமாறால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இரும்பு ரேக்கை சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் கட்டுகளைத் திரும்ப வைக்க வேண்டும்.

புகைப்படங்கள், பழைய வரைபடங்கள், தோல் அல்லது விலங்குத்தோல் ஆவணங்கள், கையால் நிறம் தீட்டியவை இவற்றில் நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். புகைப்படத்தின் மேல் அடுக்கே ஜெலட்டின், பூசணம் அதை இளக்கியிருக்கும், பிரஷ் பட்டாலே படம் உரிந்து வந்துவிடும். ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மொத்தமாக நனைந்துபோனால்

பத்து ஃபைல் நனைந்தால் காய வைக்கலாம். ஆயிரம் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் எந்தக் கையாலும் முடியாது. 1966 நவம்பர் 4 அன்று ஃபிளாரன்ஸில் ஆர்னோ ஆறு நகருக்குள் புகுந்தபோது தேசிய நூலகத்தின் புத்தகங்கள் லட்சக்கணக்கில் சேற்றில் மூழ்கின. தன்னார்வலர்கள் வரிசையாக நின்று கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள், புகையிலை உலர்த்தும் சூளைகளில்கூடக் காய வைத்தார்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராணுவப் பணிப்பதிவுகள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை போயின. எரியாமல் தப்பியவற்றுக்குத் தீயணைக்க அடித்த தண்ணீரே எமனாக வந்தது, கோடை வெப்பம் வேறு. பூசணத்தைத் தடுக்க தைமால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தார்கள், விமானம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வெற்றிடக் கலனைக் கடன் வாங்கி அதற்குள் பெட்டி பெட்டியாக ஈரத்தை உறிஞ்சினார்கள்.

இப்போது எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கும் வழி உறைய வைப்பது. காய வைக்க ஆள் போதாது என்று தெரிந்த உடனே, சின்னச் சின்னக் கட்டுகளாக மெழுகுத்தாளில் பிரித்து, மைனஸ் 20 டிகிரி குளிர்பதனத்தில் வைத்துவிட்டால் பூசணம் அங்கேயே நிற்கும், நிதானமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம் அல்லது உறைந்த ஈரத்தை வெற்றிடத்தில் நேராக ஆவியாக்கும் வெற்றிட உறைவு உலர்த்தலுக்கு அனுப்பலாம். ஆனால் குளிர் அதைக் கொல்லாது. வெளியே எடுத்து ஈரத்தோடு விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ணாடித் தகடு நெகடிவ்களை மட்டும் உறைய வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை, ஏன் என்பதோடு

பிளீச்சிங் திரவத்தைக் காகிதத்தில் தெளிக்காதீர்கள். குளோரின் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும், கறையோடு எழுத்தும் போகும். ஆல்கஹாலையும் தாளின் மேல் அவசரப்பட்டுத் தெளிக்க வேண்டாம், முத்திரை மை, பால்பாயின்ட், ஊதா நகல் மை எல்லாம் அதில் கரைந்து ஓடும். அலமாரியில் அந்துருண்டை போடுவது பரவலான பழக்கம். பூச்சிக்கு ஏதாவது செய்யுமே தவிர பூசணத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த நாஃப்தலின் ஆவியை நாள் முழுக்க மூச்சில் இழுப்பவர் நீங்கள்தான். எத்திலீன் ஆக்சைடு வாயு ஏற்றுவது ஒரு காலத்தில் பெரிய காப்பகங்களில் வழக்கமாக இருந்தது. பூசணத்தை உண்மையிலேயே கொல்லும், ஆனால் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 1994-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகையில் சேர்த்தது. தவிர, எந்தப் புகையாக இருந்தாலும் அடித்து முடித்த மறுநாள் ஈரம் இருந்தால் புது வித்து வந்து உட்காரும். செத்த தூளோ அப்படியே தாளின் மேல் கிடக்கும்.

அறையைச் சரிசெய்யாமல் ஒன்றும் நிற்காது

சுத்தம் செய்த கட்டை அதே மூலையில் வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் நாம் மறுபடி சந்திப்போம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: மேல்மாடிக் குழாய், குளிர்சாதனத்தின் வடிகால் குழாய், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கழிப்பறை, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். ஓர் இடத்தில் மாதக்கணக்கில் தேடி, கடைசியில் குற்றவாளி யார் என்று பார்த்தால் தினமும் காலையில் வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைத் துடைத்ததுதான். கீழ்த்தட்டு மட்டும் பூத்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஓர் ஈரப்பதமானி வாங்கி அறையின் நடுவில் இல்லாமல், மோசமான மூலையில், கீழ்த்தட்டுக்குப் பின்னால் வையுங்கள். தினமும் இரண்டு வேளை எழுதிவையுங்கள். 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 60-ஐத் தாண்டினால் கவனம், 65-ல் நின்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். குளிர்சாதனம் போட்டால் போதும் என்பது அரை உண்மை. 30 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, அதிலிருந்து தண்ணீரை எடுக்காமல், 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 90 சதவீதமாகிவிடும். தண்ணீர் கூடவில்லை, குளிர்ந்த காற்றால் அவ்வளவைத் தாங்க முடியவில்லை. குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிய கட்டின் முதுகில் நடப்பது இதுதான். பகலில் குளிர்சாதனம், மாலையில் சாத்திவிட்டு வீட்டுக்கு என்ற பழக்கம் அதைவிட மோசம். குளிர்ந்த காகிதத்தின் மேல் இரவில் நுழையும் ஈரக்காற்று வியர்த்து நிற்கும். ஈரநீக்கி வாங்கினால் அதன் தொட்டி நிரம்பியதும் நின்றுவிடும் என்பதை மறக்காதீர்கள், நேராக வடிகாலுக்குக் குழாய் போட்டுவிடுங்கள். சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்கு உதவும், ஓர் அறைக்கு உதவாது.

ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு கையளவு நகர்த்துங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும், கட்டுகளை நெருக்கித் திணிக்காதீர்கள். தூசியைத் துடைத்தெடுப்பதும் இதில் சேர்த்திதான், தூசி என்பது பூசணத்துக்கு இட்ட தீனி.

எதை வைப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த கோப்பு என்றால், உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பட்டியல் போட்டு, கழித்துவிடுங்கள். தகவல் மட்டும் வேண்டும், தாள் வேண்டாம் என்றால் படம் எடுத்துவிட்டுக் கழிக்கலாம். ஆனால் சுத்தம் செய்யாத தாளை அலுவலகத்தின் பொது ஸ்கேனரிலோ ஜெராக்ஸ் இயந்திரத்திலோ வைக்காதீர்கள், அதன் விசிறி வித்தை எல்லோர் முகத்திலும் ஊதும். ஒவ்வொரு தாளையும் தெளிவான பாலியஸ்டர் உறைக்குள் நழுவவிட்டு, உறையோடு ஸ்கேன் செய்யலாம், அல்லது மேலே நிறுத்திய கேமராவால் எடுக்கலாம்.

வைத்துக்கொள்ளும் கட்டுகளை உடனே பழைய இடத்துக்கு அனுப்பாமல், தனி ரேக்கில் சில வாரம் வைத்து, வாரம் ஒரு தடவை அதே சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக எதுவும் பூக்கவில்லை என்றால் திரும்ப அடுக்கலாம். அதற்கு முன் மேலட்டைக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: பூசணம் கண்டது, இன்ன தேதியில் சுத்தம் செய்தது, திறப்பவர் முகக்கவசம் போடவும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.